வாந்தி நின்றது, வயிறும் நின்றது

புற்றுநோய்க்கான கீமோ மருந்தான சிஸ்பிளாட்டின் ஏற்றப்போகிறோம் என்று சொன்ன நாளிலிருந்து வாந்தியை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன். மருந்து ஏற அரை மணி நேரம் இருக்கும்போதே வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் ஊசியும், அதற்குத் துணையாக டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் போட்டார்கள்.

"குமட்டல் வந்த பிறகு போட்டால் போதாதா, சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"வந்த பிறகு போட்டா கேக்காதும்மா. முன்னாடியே போடணும்" என்றார்.

காரணத்தை டாக்டர் பிறகு விளக்கினார். செரோடோனின் என்பது நரம்புகளுக்குச் செய்தி கடத்தும் ஒரு ரசாயனம். உடலில் உள்ள செரோடோனினில் சுமார் 90 சதவீதம் இருப்பது குடலில்தான், மூளையில் இல்லை. குடல் சுவரில் இருக்கும் சில செல்கள் அதைச் சேர்த்து வைத்திருக்கின்றன. சிஸ்பிளாட்டின் பட்டதும் அவை அதைக் கொட்டிவிடும். பக்கத்திலேயே, வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் நுனிகள் இருக்கின்றன. அங்குள்ள 5-எச்டி3 ஏற்பிகளில் (செரோடோனின் வந்து ஒட்டும் இடங்களில் ஒரு வகை) செரோடோனின் ஒட்டினால் மூளைக்குச் செய்தி போய் வாந்தி வரும். ஒண்டான்செட்ரான் முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

முதல் நாள் ஒரு முறைகூட வாந்தி வரவில்லை. அன்று இரவு நிம்மதியில் அழுதேன்.

மூன்றாம் நாள் மெல்லக் குமட்டியது. அதைவிடக் கொடுமை, மொத்தம் நான்கு நாள் மலம் போகவில்லை. வயிறு கல்லாக இருந்தது. கீமோ என்றால் இப்படித்தான் போல என்று நானே முடிவு செய்து சொல்லாமல் இருந்தேன். அது தப்பு. குடல் அசைவதற்கும் அதே 5-எச்டி3 ஏற்பிகள் உதவுகின்றனவாம். அவற்றை அடைத்தால் குடலும் மந்தமாகிவிடும். பேதியோடு வரும் ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்) உள்ள சிலருக்கு இதே ஒண்டான்செட்ரானைக் கொடுப்பதும் அதனால்தான். இன்னொரு பக்கம், செரோடோனினுக்கான வேறொரு வகை ஏற்பியான 5-எச்டி4-ஐத் தூண்டும் புருகலோப்ரைடு மலச்சிக்கலுக்கு மருந்து! ஒரே செரோடோனின், ஏற்பி மாறினால் மருந்தின் வேலையும் மாறுகிறது.

இரண்டு மூன்று நாள் கழித்து வரும் குமட்டலில் சப்ஸ்டன்ஸ் பி என்ற வேறொரு பொருளுக்குத்தான் பெரிய பங்கு என்றார் டாக்டர். அதனால் இரண்டாவது சுற்றில் அதன் வேலையைத் தடுக்கும் அப்ரெபிட்டன்ட் மருந்தைச் சேர்த்தார், ஒண்டான்செட்ரான் நாட்களைக் குறைத்தார், மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப்பை முதல் நாளே தொடங்கச் சொன்னார். ஒண்டான்செட்ரான் இதயத் துடிப்பின் லயத்தைப் பாதிக்கலாம், சிஸ்பிளாட்டின் மக்னீசியத்தைக் குறைக்கும் என்பதால் இசிஜியும் ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள்.

அப்புறம் ஒரு நோட்டு வாங்கி மாத்திரை, குமட்டல், மலம் மூன்றையும் நேரத்தோடு குறித்தேன். இரண்டாவது சுற்றின் மூன்றாம் நாள் காலை 6.40க்கு நேராக, மலம் போனதற்கு ஒரு டிக் விழுந்தது. அடுத்த முறை போனபோது முதலில் அதைத்தான் டாக்டரிடம் காட்டினேன்.