சின்னக் கொடுவாயில் சினை ஏன் இல்லை?

என் சித்தப்பா நாற்பது வருடமாக மட்டக்களப்பு வாவியில் வலை வீசுகிறவர். போன மாதம் முற்றத்தில் இருந்து கொடுவா வெட்டிக்கொண்டிருந்தார். வயிற்றைக் கீறிப் பார்த்துவிட்டு, "ஏன் மகன், இந்த அளவுக் கொடுவாயில ஒருநாளும் சினை காணல்ல? முகத்துவாரப் பக்கம் பிடிபடுற பெரிசுகள்லதான் இருக்கு. உன்ட ஃபோன்ல பாரு, என்ன காரணமெண்டு" என்றார்.

கூகுளில் 'கொடுவா மீன் சினை' என்று தேடினேன். குழம்பு வீடியோக்கள், வறுவல் வீடியோக்கள், சென்னைச் சந்தை விலை. பத்து நிமிடம் தள்ளித் தள்ளிப் பார்த்தும் சித்தப்பாவின் கேள்விக்குக் கிட்ட ஒன்றும் வரவில்லை. மீன் என்று தேடுகிற பெரும்பாலானோருக்கு வேண்டியது சமையல்தான், அதனால் அதுவே முன்னுக்கு வருகிறது.

அப்புறம்தான் ஃபிஷ்பேஸ் நினைவுக்கு வந்தது. மீன்களுக்கு மட்டுமேயான தளம், 35,000க்கு மேற்பட்ட இனங்கள். ஊர்ப்பெயரை வைத்தும் தேடலாம் என்பதுதான் அதில் எனக்குப் பெரிய விஷயம். ஆங்கில எழுத்தில் 'கொடுவா' என்று அடித்ததும் லேட்டஸ் கல்கரிஃபர் என்ற இனத்தின் பக்கத்துக்குக் கொண்டுபோனது. இரண்டு மீட்டர் நீளம், 60 கிலோ வரை வளரும் மீன். பதிலும் அங்கேயே இருந்தது. கொடுவா முதலில் ஆணாகத்தான் பருவத்துக்கு வருகிறது. சில வருடம் கழித்து, உடம்பு பெருத்த பிறகு பெண்ணாக மாறுகிறது. முட்டையிட உப்புத்தண்ணீர் வேண்டும், அதனால் கழிமுகத்துக்கு இறங்குகிறது. குஞ்சுகள் பிறகு உள்ளே ஏறி வருகின்றன.

வாசித்துச் சொன்னேன். சித்தப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அப்ப பெரிசையெல்லாம் பிடிச்சு முடிச்சா, தாய் மீன் எங்கால வரும்?" என்று கேட்டார். நாற்பது வருடம் கண்ணால் கண்டதற்கு அன்றைக்குத்தான் அவருக்குக் காரணம் கிடைத்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அன்றிலிருந்து பொதுத் தேடலோடு நிற்பதில்லை. 'களரி' என்று தேடிப் பாருங்கள், கேரளத்துக் களரிப்பயிற்றுத்தான் வரிசையாக வரும். எங்களுக்குக் களரி என்றால் கூத்து ஆடுகிற வட்டக்களரி. அதே சொல்லைக் கூத்து, வடமோடி (ஒரு கூத்து வகை), அண்ணாவி (கூத்துப் பழக்குபவர்) என்பவற்றோடு சேர்த்து நூலகம் தளத்தில் தேடினால் நம்முடைய உலகம் திறக்கிறது. 2005இல் தொடங்கிய இந்த எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் புத்தகங்களும் பழைய இதழ்களும் பத்திரிகைகளும் படமாக இருக்கின்றன. பல இதழ்களின் உள்ளடக்கப் பட்டியலைத் தட்டச்சு செய்தும் வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டுரையின் தலைப்பை வைத்தே அந்த இதழைப் பிடித்துவிடலாம். உள்ளே இருப்பதைப் பெரும்பாலும் பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் பார்க்க வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். எழுத்துக்கூட்டலையும் இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பாருங்கள்.

சரி, இப்போது நானும் சித்தப்பாவும் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். மணலை, ஓரா என்று அவர் சொல்லச் சொல்ல வாவி மீன்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதுகிறேன். இதுவரை 23 பெயர். ஒவ்வொன்றாக ஃபிஷ்பேஸில் போட்டுப் பார்க்கிறேன். ஆறு பெயர் அங்கே இல்லை. அவற்றுக்குப் படம் எடுக்க வேண்டும், மீன் உயிரோடு இருக்கும்போதே, நிறம் மாறுவதற்கு முன். அதற்காக ஞாயிற்றுக்கிழமை விடிய நாலு மணிக்கு அவருடைய தோணியில் போகிறேன்.