அம்பாசடருக்கு டைமிங் வைப்பது

அம்பாசடர் பெட்ரோல் வண்டியில், சிலிண்டர்களுக்கு முறைப்படி தீப்பொறியை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை. மேல் மூடியான கேப்பை எடுத்து, வேக்யூம் குழாயையும் காயில் வயரையும் பிரித்து, கிளாம்பைத் தளர்த்தினால் கையோடு மேலே வந்துவிடும். வேறு ஒன்றை மாட்டியபின் டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, சரியாக நிறுத்துவதில்தான் பொறுமை வேண்டும். கோவையில் பழைய வண்டிகளை எடுத்துச் செய்யும் பட்டறையில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். மேற்கு வங்கத்தில் உத்தரபாரா ஆலையில் 2014-இல் தயாரிப்பு நின்றுபோனாலும், 1489 சிசி பெட்ரோல் இன்ஜினோடு ஓடுகிற அம்பாசடர்கள் இன்னும் எங்களிடம் வருகின்றன. வைத்திருப்பவர்கள் அதைக் குடும்பத்தில் ஒரு ஆளாக நினைக்கிறார்கள். அதனால் எனக்கும் அந்த இன்ஜின்மேல் ஒரு அக்கறை உண்டு.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கொண்டு வந்த வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். வேறொரு பட்டறையில் டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றியிருந்தார்கள். பழையதில் புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடியது, அதனால் மாற்றியது நியாயம்தான். ஷாஃப்ட் ஆடினால் பாயிண்ட் (திறக்கும்போது பொறியை உண்டாக்கும் தொடுமுனை) இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும், டைமிங்கும் கூடவே அலையும். "வாசல்ல நின்னா சத்தமே இல்லாம ஓடுதுங்க. பர்லியாறு தாண்டி மேடு ஏறினா மட்டும் கிணிகிணின்னு அடிக்குது" என்றார். அவர் சொன்ன இரண்டு வரியிலேயே நோய் என்னவென்று தெரிந்துவிட்டது: பொறி அளவுக்கு மேல் முன்னதாக விழுகிறது.

டிஸ்ட்ரிபியூட்டரை லேசாகத் திருப்பிக்கொண்டே இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, எந்த இடத்தில் மிருதுவாக ஓடுகிறதோ அங்கே கிளாம்பை இறுக்குவது பலருக்கும் பழக்கம். ஐடிலில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது, சிலிண்டருக்குள் போகும் பெட்ரோல்-காற்றுக் கலவை குறைவு, அது மெதுவாக எரியும். ஆகவே தீப்பொறியை முன்னால் கொண்டுபோகப் போக ஓட்டம் கூடும், காதுக்கும் நன்றாகப்படும். அதே வண்டி மேட்டில் ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்துப் போகும்போது சிலிண்டர் நிறைய கலவை நிரம்பி வேகமாக எரிகிறது. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குள் அழுத்தம் ஏறிவிட, மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடிக்கிறது. அந்த நாக்கிங் தொடர்ந்தால் பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கெட் எல்லாவற்றுக்கும் கேடு. 3000 ஆர்.பி.எம். ஓட்டத்தில் ஒரு மில்லி விநாடிக்குள் கிராங்க் 18 டிகிரி சுற்றிவிடும். வேகத்துக்குத் தக்கபடி பொறியை முன்னே தள்ளுவதற்கு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எடைக்கட்டைகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. நாம் வைக்கும் டைமிங்கின் மேல்தான் அவை கூட்டும். அடியில் சில டிகிரி கூடிப்போனால் எல்லா வேகத்திலும் அது கூடவே வரும்.

அந்த வண்டியில் இன்னொன்றும் இருந்தது. கேப்பில் பிளக் வயர்கள் ஒரு துளை தள்ளிச் செருகப்பட்டிருந்தன. சிலிண்டர்களில் பொறி விழும் வரிசையான ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 மாறவில்லை, கேப்புக்குள் சுழன்று பொறியைப் பங்கிடும் ரோட்டார் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும் வரிசையும் சரி. தொடக்கம் மட்டும் வேறு இடத்தில் இருந்தது. அப்படியானால் எப்போதோ யாரோ கீழே இருந்து டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் டிரைவ் ஸ்பிண்டிலை உருவித் தப்பான பல்லில் போட்டு, வயரை நகர்த்திச் சமாளித்திருக்கிறார்கள். வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் பொறி தாமதமாகும்படி டிஸ்ட்ரிபியூட்டர் பாடியைப் பின்னோக்கித் திருப்பினால், பக்கத்தில் இருக்கும் வேக்யூம் டப்பா பிளாக்கில் முட்டியது. முட்டிய இடத்தில் ஐடில் நன்றாக இருந்ததால் அங்கேயே இறுக்கிவிட்டார்கள் போல.

சரி, முதலிலிருந்து செய்தோம். பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, முன்னால் ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றினோம். ரேடியேட்டர் பக்கம் இருப்பதுதான் முதல் சிலிண்டர். அதன் பிளக் துளையில் கட்டைவிரலை வைத்தால் கம்ப்ரஷனில் காற்று விரலைத் தள்ளும். பிஸ்டன் நான்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு முறை உச்சிக்கு வருவதால் இதைப் பார்க்காமல் விட்டால் வேலை முழுக்க எதிர்ப்பக்கம் போய்விடும். எனக்கு ராக்கர் கவரைக் கழற்றிப் பார்ப்பதில் நம்பிக்கை அதிகம். நான்காவது சிலிண்டரின் ஒரு வால்வு மூடி முடிய இன்னொன்று திறக்கத் தொடங்கினால், முதலாவது கம்ப்ரஷன் உச்சியில் இருக்கிறது.

ஸ்பிண்டிலின் நுனியில் மரை இருக்கிறது. 5/16 அங்குல யூ.என்.எஃப். மரை போல்ட் ஒன்றை அதில் ஏற்றினால் பிடித்து உருவலாம். திரும்ப இறக்கும்போது கியர் பல் கேம் ஷாஃப்டில் கோக்கையில் ஸ்பிண்டில் தானாக இடப்பக்கம் சுழலும். அதற்குத் தகுந்த மாதிரி, ஸ்பிண்டில் நுனியில் வெட்டியிருக்கும் காடியின் அகலமான பக்கம் மேலே இருக்க, கிடைமட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்துத் தொடங்கினால், உட்காரும்போது கடிகாரத்தில் ஒரு மணி நிலையில் நிற்கும். காடி நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதால் டிஸ்ட்ரிபியூட்டரை ஒரே விதமாகத்தான் மாட்ட முடியும். இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொள்வேன்.

அப்புறம் பாயிண்ட். இடைவெளியை முதலில் வைக்க வேண்டும், டைமிங் அடுத்து. இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், கூடினால் முன்னதாகத் திறக்கும். லூகாஸ் வகைக்கு 0.014 முதல் 0.016 அங்குலம். அதன்பின் பட்டறையில் வேலை பழகும் தம்பியிடம் 12 வோல்ட் பல்பைக் கொடுத்து, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் முனையிலும் வண்டியின் பாடியிலும் பிடிக்கச் சொன்னேன். புல்லியின் குறியைக் கையேட்டில் உள்ள டிகிரிக்குக் கொண்டுவந்தோம். இன்ஜின் ஓடும் திசையிலேயே சுற்றி வர வேண்டும், இல்லாவிட்டால் டைமிங் செயினின் தொய்வு கணக்கில் சேர்ந்துவிடும். தாண்டிப் போனால் நன்றாகப் பின்னுக்குப் போய் மறுபடி வர வேண்டும். சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் பாடியை இடப்பக்கம் திருப்பிப் பல்பு அணைந்ததும், வலப்பக்கம் மெல்ல மெல்லத் திருப்பினோம். பல்பு எரியும் அந்தக் கணத்தில்தான் பாயிண்ட் திறக்கிறது. "எரிஞ்சிருச்சுண்ணா!" என்றான் தம்பி. அங்கே இறுக்கி, இரண்டு சுற்று சுற்றி மறுபடி சரிபார்த்தோம்.

புதிதாக வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே எடையும் ஸ்பிரிங்கும் வேறாக இருக்கலாம். பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் பேஸ் பிளேட்டைத் தூக்கினால் கீழே அதிகபட்ச அட்வான்ஸ் (பொறியை முன்னே தள்ளும் அளவு) டிகிரி பொறித்திருக்கும். அது டிஸ்ட்ரிபியூட்டரின் டிகிரி, கிராங்கில் இரண்டு மடங்கு. 10 என்று இருந்தால் கிராங்கில் 20. பழையதோடு ஒப்பிட்டுவிட்டே வாங்க வேண்டும். வேறு இன்ஜினின் டிஸ்ட்ரிபியூட்டரைப் போட்டுவிட்டு ஐடிலில் எவ்வளவு துல்லியமாக டைமிங் வைத்தாலும் மேலே போகப் போகத் தப்பிவிடும்.

அந்தக் காலத்து மேஸ்திரிகள் காதாலேயே டைமிங் வைத்தார்கள் என்று சொல்வார்கள். நான் பார்த்த பெரியவர்கள் காதை நம்பியது ரோட்டில்தான். டாப் கியரில் வண்டியை மெதுவாக விட்டு, லேசான ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுசாக மிதிப்பார்கள். மெல்லிய நாக்கிங் ஒரு நொடி வந்து, வேகம் ஏறியதும் மறைந்தால் சரி. நீடித்தால் ஒரு துளி பின்னுக்கு. சத்தமே வராமல் இழுவை மந்தமாக இருந்தால் ஒரு துளி முன்னுக்கு. பழைய லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் இதற்கென்றே ஒரு திருகு உண்டு. அதன் 11 சொடுக்கு ஒரு டிகிரி. தலைமையாசிரியரின் வண்டியை மருதமலைப் பாதையில் அப்படித்தான் ஓட்டிப் பார்த்தோம், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. "இப்ப இழுக்குதுங்க" என்றார்.

500 கிலோமீட்டர் ஓடியதும் மறக்காமல் கொண்டு வரச் சொல்லி அனுப்பினேன். புதுப் பாயிண்டின் குதிப்பகுதி, அதைத் திறக்கும் கேமில் படிந்து தேயும், இடைவெளி சுருங்கும், டைமிங் பின்வாங்கும். கேமில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்தால் தேய்மானம் குறையும், நிற்காது. மறுமுறை பார்த்து இடைவெளியைத் திருத்தி, பல்பை வைத்து டைமிங்கையும் சரிசெய்து விட்டால், அடுத்த சர்வீஸ் வரைக்கும் அதைத் தொட வேண்டியதில்லை.