'கோயில்' ஏன் இரண்டு தடவை வருகிறது

ஒரு நூலகப் பட்டியலில் எந்தத் தலைப்பு எத்தனை தடவை வருகிறது என்று எண்ண, பைத்தான் நிரலில் கவுன்டரை ஓட்டிப் பார்த்தேன். 'கோயில்' என்ற பொருள்தலைப்பு இரண்டு தடவை வந்து நின்றது, ஒன்றுக்கு எதிரே 212, நாலு வரி தள்ளி இன்னொரு 'கோயில்', அதற்கு எதிரே 97. பைத்தானின் கலெக்சன்ஸ் மாட்யூலில் இருக்கிற கவுன்டர் என்பது அடிப்படையில் ஒரு டிக்சனரிதான், அதாவது ஒவ்வொரு பெயருக்கும் (கீ) எதிரே ஒரு மதிப்பு வைக்கும் பட்டியல், ஒரே கீ இரண்டு தடவை வர வழியே இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு ஸ்பேஸ் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஓரத்து ஸ்பேஸை நீக்கும் ஸ்ட்ரிப் போட்டும் பார்த்தாயிற்று.

பின்கதை இதுதான். தெரிந்த அக்கா ஒருவர், ஓய்வுபெற்ற நூலகர், ஒரு சின்ன நூலகத்தின் புத்தகப் பட்டியலைச் சரிசெய்து தரச் சொன்னார். பல வருடங்களாகப் பல பேர் தட்டச்சு செய்த எக்செல் கோப்புகள், 11 ஆயிரத்துச் சொச்சம் வரிகள். "தம்பி, கோயில்னு தேடினா பாதிப் புத்தகம்தான் வருது, மீதியெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல" என்றார். ஒரு சனிக்கிழமை வேலை என்று நினைத்து ஒத்துக்கொண்டேன். மூன்று வாரம் ஆனது.

இரண்டு 'கோயில்'களுக்கும் நீளத்தை எண்ணும் லென் போட்டேன். ஒன்றுக்கு 6, இன்னொன்றுக்கு 7. நமக்கு அது மூன்றெழுத்துச் சொல், பைத்தானுக்கு எழுத்தே தெரியாது, யூனிகோடு குறிகளை, அதாவது எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுப் பட்டியலில் இருப்பவற்றை மட்டும்தான் எண்ணும். க, ஓகாரக் குறி, ய, இகரக் குறி, ல, புள்ளி என்று ஆறு. சரி, ஏழாவது எங்கிருந்து வந்தது? பிரின்ட் போட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், அதனால் இந்த மாதிரி நேரத்தில் பிரின்ட்டை நம்பாதீர்கள். பைத்தானில் ஆஸ்கி என்று ஒரு ஃபங்சன் கூடவே வருகிறது, அதில் சொல்லைக் கொடுத்தால் ஒவ்வொரு குறியையும் அதன் எண்ணாகக் காட்டிவிடும். யூனிகோடுடேட்டா மாட்யூலின் நேம் ஃபங்சனில் ஒவ்வொரு குறியாகக் கொடுத்தால் பெயரையே சொல்லும். அதில்தான் பிடிபட்டது. இரண்டாவது 'கோயில்'லில் ஓகாரக் குறிக்குப் பதிலாக இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகள் இருந்தன. பழைய எழுத்துருக்களில் கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் தனித்தனியாகத்தான் அடிப்பார்கள். அந்தக் கோப்புகளை யாரோ ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கியிருக்கிறார்கள், அந்த மாற்றி கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்தியதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிட்டது. திரையில் வித்தியாசமே தெரியாது.

இதற்கு மருந்து ஒரே வரிதான், யூனிகோடுடேட்டாவில் இருக்கிற நார்மலைஸ், அதில் என்எஃப்சி, அதாவது பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் வடிவம். கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகிவிடும். 309 புத்தகங்களும் ஒரே கோயிலுக்குள் வந்தன. இதை எங்கே போடுவது என்பதில்தான் ஆட்கள் தப்பு செய்கிறார்கள், நானும் செய்தேன். தேடும்போது மட்டும் போட்டால் பத்தாது, டேட்டாபேஸுக்குள் இருப்பது பழையபடியே கிடக்கும். கோப்பைப் படிக்கும் இடத்திலேயே, உள்ளே வருகிற ஒவ்வொரு சரத்துக்கும் (எழுத்துத் தொடருக்கும்) போட்டுவிடுங்கள், தேடும் பெட்டியில் அடிக்கிற சொல்லுக்கும் அதையே போடுங்கள். அதே இடத்தில் இன்னொரு வேலையும் உண்டு. இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய வரிகளில் அகலமே இல்லாத ஸ்பேஸ் ஒளிந்திருக்கும், அது ஸ்ட்ரிப்புக்கு ஸ்பேஸாகவே தெரியாது, நாமே ரிப்ளேஸ் போட்டுத்தான் எடுக்கவேண்டும்.

அடுத்த அடி ரெகுலர் எக்ஸ்பிரசனில், அதாவது சரத்தில் வடிவம் சொல்லித் தேடும் முறையில் விழுந்தது. தலைப்பிலிருந்து ஒரு தேடுகீ செய்ய வேண்டியிருந்தது, நிறுத்தக்குறி, அடைப்புக்குறி எல்லாம் போய்ச் சொல் மட்டும் மிஞ்சவேண்டும். ஆங்கிலத்துக்கு எப்போதும் செய்வதைப் போல, பேக்ஸ்லாஷ் டபிள்யூவில் சேராததையெல்லாம் நீக்கு என்று எழுதினேன். ஓட்டிப் பார்த்தால் கோயில் 'கயல' ஆகியிருந்தது. பைத்தானின் ஆர்இ மாட்யூலுக்கு பேக்ஸ்லாஷ் டபிள்யூ என்றால் எழுத்து, எண், அடிக்கோடு, அவ்வளவுதான். நம்முடைய உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் யூனிகோடில் 'எழுத்து' வகையில் இல்லை, 'ஒட்டுக்குறி' வகையில் இருக்கின்றன. எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு குறியில்லாத எழுத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. கோயிலும் கயல, குயிலும் கயல, கயலும் கயல. பறவைப் புத்தகம், மீன் புத்தகம், கோயில் புத்தகம் மூன்றும் ஒரே கீ. ஒரு எரர் கூட வரவில்லை என்பதுதான் இதில் கொடுமை.

இதே காரணத்தால் தமிழ்ப் பெயரைச் சரிபார்க்க எல்லாம் எழுத்துதானா என்று பார்க்கும் இஸ்ஆல்ஃபா போடுகிற படிவங்கள் எல்லாம் குமாரையும் மீனாவையும் 'இது பெயரே இல்லை' என்று திருப்பி அனுப்பும். கொம்பு, கால், சுழி, புள்ளி எதுவும் இல்லாத பெயர் வைத்திருந்தால் உள்ளே விடும், அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் பைத்தான் 3-இல் மாறிக்கே தமிழில் பெயர் வைக்கலாம், 'குமார்' என்று வேரியபிள் வைத்தால் முனகாமல் ஏற்றுக்கொள்ளும்.

வழி இரண்டு இருக்கிறது. ஒன்று, பேக்ஸ்லாஷ் டபிள்யூவோடு தமிழ்த் தொகுதி முழுவதையும், அதாவது 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை, நாமே சேர்த்துக்கொள்வது. இன்னொன்று, மாட்யூல் நிறுவும் பிப் போட்டு ரெகெக்ஸ் என்ற தனி மாட்யூலை இறக்கிக்கொள்வது. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஏனென்றால் அதில் பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, ஒரு எழுத்தை அதன் குறியோடு சேர்த்தே பிடிக்கும். கோ, யி, ல். எண்ணினால் மூன்று. நீளமான தலைப்பை 30 எழுத்தில் வெட்டவேண்டும் என்றால் சரத்தை நேரடியாக ஸ்லைஸ் பண்ணாமல் இதில் பிரித்து, முதல் 30-ஐ மட்டும் ஒட்டினேன். நேரடியாக வெட்டினால் புள்ளி போய் 'கோயில' என்று நிற்கும்.

அகரவரிசையும் தகராறுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். சார்ட்டட் ஃபங்சன் யூனிகோடு எண்ணை வைத்து அடுக்கும், அங்கே ன என்பது ந-வுக்கு அடுத்து ப-வுக்கு முன்னால் இருக்கிறது, ழ என்பது வ-வுக்கு முன்னால் இருக்கிறது. அதனால் அப்பாவுக்கு முன்னால் அன்பு வரும், அவலுக்கு முன்னால் அழகு வரும், அக்கா உடனே கண்டுபிடித்துவிட்டார். பைஐசியூ என்ற மாட்யூலைப் போட்டுத் தமிழுக்கான கொலேட்டரை, அதாவது அகரவரிசை விதியை, அடுக்கும் கீயாகக் கொடுத்தேன், தீர்ந்தது. விண்டோஸில் அதை நிறுவுவதற்குள் பாதி உயிர் போய்விட்டது, அது தனிக் கதை.

விண்டோஸ் என்றதும் கோப்பைத் திறக்கும் ஓப்பன் ஃபங்சனைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். என்கோடிங், அதாவது எழுத்தை பைட்டாக மாற்றும் முறை எது என்று கொடுக்காமல் ஓப்பன் போட்டால் பைத்தான் அந்தக் கணினியின் வட்டார என்கோடிங்கை எடுத்துக்கொள்ளும், ஆங்கில விண்டோஸில் அது பெரும்பாலும் சிபி1252. நம் புள்ளி யூனிகோடுக்கான யூடிஎஃப்-8 என்கோடிங்கில் மூன்று பைட், கடைசி பைட் 8டி, அந்த இடம் சிபி1252-இல் காலி. அதனால் பல கோப்புகள் முதல் புள்ளியிலேயே டிகோட் எரர் போட்டுப் படுத்துவிடும். படுத்தால் நல்லது என்றுகூடச் சொல்வேன், படுக்காமல் குப்பையைப் படித்துக்கொண்டே போவதுதான் ஆபத்து. பைத்தானின் மாற்ற முன்மொழிவான பெப் 686-இன்படி பைத்தான் 3.15-இலிருந்து யூடிஎஃப்-8 தான் இயல்பு. அதுவரை என்கோடிங்கை ஒவ்வொரு ஓப்பனிலும் எழுதிவிடுங்கள், கை வலித்தாலும்.

காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பாக எழுதிக் கொடுத்தால் அக்காவின் எக்செல்லில் தலையில் கோடு போட்ட ஏ எழுத்துகளாக வந்தது. யூடிஎஃப்-8-சிக் என்று எழுதினால் கோப்பின் தொடக்கத்தில் ஒரு அடையாளம் வைத்துவிடும், எக்செல் புரிந்துகொள்ளும். ஆனால் அதே கோப்பைத் திரும்பப் படிக்கும்போதும் சிக் போடவேண்டும். நான் மறந்தேன். 'தலைப்பு' என்ற நெடுவரிசையே இல்லை என்று கீஎரர் வந்தது, கண்ணெதிரே முதல் நெடுவரிசையாக அது இருக்கும்போதே. தொடக்க அடையாளம் அதன் முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தது.

என்எஃப்சியால் தீராதவையும் உண்டு. ஸ்ரீ என்பதை ஸ வைத்தும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ வைத்தும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். அதற்கு ஒரு ரிப்ளேஸ் போதும். ஔவையார்தான் படுத்தினார். பாதிப்பேர் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்து 'ஒளவையார்' ஆக்கியிருந்தார்கள். இதுவும் ஒரு ரிப்ளேஸ் என்று நினைத்து, ஒள வந்தால் ஔ ஆக்கு என்று எழுதி, பட்டியல் முழுவதிலும் ஓட்டி, இரவு அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.

காலையில் அக்கா போன். "தம்பி, ஒளியியல் புத்தகமெல்லாம் என்ன ஆச்சு? ஔ-வுக்குத் தனியா கொக்கி தொங்குது."

ள-வுக்கு அடுத்து ஒட்டுக்குறி இருந்தால் தொடாதே என்று இப்போது மாற்றியிருக்கிறேன். அப்போதும் நேரடியாக மாற்றுவதில்லை, ஓட்டியதும் 43 வரிகளைத் தனிக் கோப்பில் எழுதித் தருகிறது, அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடிக்கிறார்.