சிப்பாங்: காற்று கண்ணில் படும் பந்தயத் தடம்

மலேசியாவின் சிப்பாங் தடத்துக்குப் போவதென்றால், கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் தோசை சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். கேஎல் சென்ட்ரலில் டிரான்சிட் ரயில் ஏறினால் சாலாக் திங்கியிலோ விமான நிலையத்திலோ இறங்கி கிராப் (செயலி வழி வாடகைக் கார்) பிடிக்க வேண்டும். தடத்தின் வாசல் வரை ரயில் கிடையாது. குடை கட்டாயம். மழை வந்தால் முகம் சுளிக்காதீர்கள், காரணம் பிறகு.

தடம் 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். ஃபார்முலா 1 பந்தயம் 1999-இல் வந்து 2017-ஓடு நின்றது. போனால் போகட்டும். காற்று காரை எப்படி அமுக்குகிறது, இழுக்கிறது என்ற காற்றியக்கத்தைப் படிக்க ஜிடி கார்களே (சாலைக் கார்களின் பந்தய வடிவங்கள்) மேல், பக்கத்தில் நின்று பார்க்க விடுவார்கள்.

அணிகள் கார்களைப் பராமரிக்கும் பிட் பகுதிக்குள் பார்வையாளர்களை விடும் நேரத்தில், காரின் பின்னால் இறக்கைபோல் நிற்கும் பின் விங்கிடம் நேராகப் போங்கள். அதைத் தாங்கும் கம்பிகள் அன்னத்தின் கழுத்துபோல் வளைந்து மேலிருந்து பிடித்திருக்கும். விங்கின் உழைப்பில் பெரும்பகுதி அடிப்பக்கத்தில்தான். அங்கே முட்டுக்கொடுத்தால் காற்றோட்டம் குலையும். பின்விளிம்பில் விரல் அகலம்கூட இல்லாமல் நிமிர்ந்து நிற்கும் பட்டைக்குப் பெயர் கர்னி ஃப்ளாப். காற்று காரைப் பின்னுக்கு இழுக்கும் இழுவை கொஞ்சம் கூடினாலும் காரைத் தரையில் அமுக்கும் டவுன்ஃபோர்ஸ் தாராளமாகக் கிடைக்கும்.

அடுத்து, குனிந்து காரின் மூக்குக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடான ஸ்ப்ளிட்டரின் அடியைப் பாருங்கள். உரசிய கோடுகள் இருக்கும். பிரேக் மிதித்தால் மூக்கு தாழும். தகடு தரையை நெருங்க நெருங்க உறிஞ்சல் கூடும். ரொம்ப நெருங்கிவிட்டால் காற்று புக வழியில்லாமல் அந்த உறிஞ்சல் சட்டென்று அறுந்துபோகும், முன்சக்கரப் பிடிமானமும் கூடவே போகும். முன் ஸ்பிரிங்கைக் கல் மாதிரி இறுக்கி வைப்பது இதனால்தான்.

விங்கை எவ்வளவு சாய்ப்பது என்பது இங்கே தீராத தலைவலி. பிரதான மேடைக்கு இருபுறமும் ஓடும் இரண்டு நேர்த்தடங்களும் விங்கைப் படுக்க வைக்கச் சொல்லும். வேகமான 5, 6-ஆம் வளைவுகள் நிமிர்த்தச் சொல்லும். வேகம் இரட்டித்தால் டவுன்ஃபோர்ஸ் நான்கு மடங்கு. ஆகவே 15-ஆம் கொண்டை ஊசி வளைவில் ஊர்கிறபோது விங்கால் பெரிய உதவி இல்லை, டயர்தான் கதி. நேர்த்தடத்துக்காக விங்கை அதிகம் படுக்க வைத்த அணி 5, 6-இல் வழுக்கி வழுக்கி டயரைச் சூடாக்கிக்கொள்ளும். போதாக்குறைக்கு வெயில்: 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 33 டிகிரிக் காற்றின் அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறைவு. அந்த அளவுக்கு டவுன்ஃபோர்ஸும் குறையும். எஞ்சினைக் குளிர்விக்கத் திறக்கும் துவாரங்களோ இழுவையைக் கூட்டும்.

இப்போது மழை. பெய்து ஓய்ந்ததும் ஈரம் மண்டிய காற்றில் விங்கின் இரு ஓரங்களிலிருந்தும் வெள்ளை நூல் பிரிவதைச் சில சமயம் பார்க்கலாம். விங்கின் ஓரத்தில் சுழலும் காற்றின் நடுவே அழுத்தம் விழுந்து, குளிர்ந்து, ஈரம் நுண்துளிகளாகித் தெரிவது அது. நண்பகல் வெயிலில் தேடாதீர்கள், கிடைக்காது.

முதல் வளைவுப் பக்கம் உட்கார்ந்தால் இன்னொன்றும் தெரியும். காருக்குப் பின்னே தண்ணீர் சேவல் வால் மாதிரி மேலெழும். டிஃப்யூசரும் (காரின் அடியில் பின்பக்கம் மேல்நோக்கிச் சரியும் பகுதி) விங்கும் காற்றை மேலே வீசுகிற வீச்சு அது. வெயிலிலும் அதே வீச்சு உண்டு, தெரியாது, அவ்வளவே. ஒட்டி வரும் காருக்குக் கிடைப்பது அந்தக் கலங்கிய காற்றுதான். வளைவில் அதன் மூக்கு வெளியே நழுவுவதைக் கவனியுங்கள்.