ஃபாரன்சிக் வைவா: விட்ரியஸ் சர்க்கரையில் வழுக்கியது

நேற்று சாயங்காலம் ரிசல்ட் வந்தது. ஃபாரன்சிக்கில் (தடயவியல் மருத்துவம்) பாஸ், அதுவும் சப்ளியில், அதாவது மறுதேர்வில். மெயினில் தியரி தேறியும் வைவா (வாய்மொழித் தேர்வு) கவிழ்த்துவிட்டது. எல்லாம் ஒரே கேள்வியால்தான் என்று இன்னும் நம்புகிறேன். ஆயுதங்களிலும் நீ உளறினாய் என்கிறான் ரூம்மேட்.

கம்யூனிட்டி மெடிசின் புத்தகத்தின் கனத்தைப் பார்த்துப் பயந்து, ஃபாரன்சிக்கைக் கடைசிப் பத்து நாளுக்குத் தள்ளியிருந்தேன். ரைகர் மார்ட்டிஸ், அதாவது இறந்தபின் உடல் விறைப்பது, எல்லோரும் படிப்பார்கள். இறந்தபின் உடல் திரவங்களில் நடக்கும் வேதி மாற்றத்தை மட்டும் "பொட்டாசியம் ஏறும், சர்க்கரை இறங்கும்" என்று உருப்போட்டு வைத்தேன்.

எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) ஒரு சீட்டை நீட்டினார். இறந்தவரின் விட்ரியஸில் (கண்ணுக்குள் இருக்கும் கூழ்மத் திரவம்) குளுக்கோஸ் 20 மில்லிகிராம்.

"என்னப்பா சொல்ற?"

"ஹைப்போகிளைசீமியா சார்."

உயிரோடு இருந்தபோதே சர்க்கரை குறைந்திருந்தது என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த இன்டர்னல் (எங்கள் கல்லூரித் தேர்வாளர்) கண்ணை மூடிக்கொண்டார்.

உயிர் போன பிறகும் செல்கள் கொஞ்ச நேரம் சர்க்கரையைத் தின்றுகொண்டுதான் இருக்கும். அதனால் குறைந்த அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 200-ஐத் தாண்டினால்தான் பேச்சு: உயிரோடு இருக்கும்போதே எகிறியிருந்தது. இதயத்தின் வலப்பக்க ரத்தத்தை நம்பினால் இன்னொரு வம்பு, கல்லீரல் கிளைக்கோஜன் உடைந்து பொய்யாக ஏற்றிக் காட்டும். இதைப் பத்துத் தடவை எழுதிப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, அந்த மற்றது:

- இறந்து எத்தனை மணி நேரம் என்று கணக்கிட, விட்ரியஸ் பொட்டாசியத்தை 7.14-ஆல் பெருக்கி 39.1 கழித்தால் ஸ்டர்னர் சூத்திரம், 5.26-ஆல் பெருக்கி 30.9 கழித்தால் மடேயா சூத்திரம். பொட்டாசியம் 10 என்றால் ஒருவர் 32 மணி நேரம் என்பார், மற்றவர் 22கூட இல்லை என்பார். ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டு உட்காராதீர்கள்.
- சோடியம், குளோரைடு இரண்டும் குறைவா? பொட்டாசியத்தைப் பாருங்கள். 20-க்கு மேல் என்றால் அழுகல், 15-க்குக் கீழ் என்றால் உயிரோடு இருந்தபோதே உப்புக் குறைவு.
- ஊசி கண்ணின் வெளி ஓரத்தில். மெதுவாக உறிஞ்ச வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் விழித்திரை செல்களும் கூட வந்து பொட்டாசியம் கூடிவிடும். குளுக்கோஸுக்கு ஃபுளோரைடு குப்பி.

குரூப் ஸ்டடி எனக்கு ஆகாது. ஹாஸ்டல் மொட்டைமாடியில் தனியாக வாய்விட்டுச் சொல்லித்தான் இவ்வளவும் ஏறியது.

சப்ளி வைவாவில் விட்ரியஸ் பக்கமே யாரும் வரவில்லை. தூக்குக் கயிற்று முடிச்சைக் கேட்டார்கள்.