கையடக்கக் கருவியில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்

முறை மாற்றி ஆடாமல், எதிராளியோடு ஒரே நேரத்தில் படைகளை நடத்தும் பழைய நிகழ்நேர உத்தி விளையாட்டுகளைக் கையடக்கக் கருவிகளில் ஆட முடியுமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் செயலியின் வேகத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். வால்வ் நிறுவனம் 2022 இல் வெளியிட்ட ஸ்டீம் டெக்குக்கு 1990களின் விளையாட்டுகள் ஒரு சுமையே அல்ல. மவுஸ் இல்லாமல் ஆடுவதுதான் உண்மையான சிக்கல்.

1999 இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். உணவும் மரமும் சேகரிக்கும் தொழிலாளியான ஒரு வில்லேஜரை உருவாக்க 50 உணவும், விளையாட்டுக் கணக்கில் 25 விநாடிகளும் ஆகின்றன. ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டர் ஓய்வின்றி அடுத்தடுத்த வில்லேஜர்களை உருவாக்கிக்கொண்டிருக்க, அதே வேளையில் நாம் குதிரை வீரனை அனுப்பி ஆடுகளைத் தேடவும், காட்டுப்பன்றியை ஊருக்கு அருகே இழுத்து வந்து வீழ்த்தவும் வேண்டும். கீபோர்டில் விரல்கள் பழகிய இந்த வேலையைத் தொடுதிரையில் செய்ய முயன்றால், எந்த வீரனைத் தேர்ந்தெடுக்க வேண்டுமோ அவனையே நம் விரல் மறைத்துவிடுகிறது.

2023 இல் இதன் மறுபதிப்பான டெஃபினிட்டிவ் எடிஷன் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தபோது, நாம் வகுக்கும் முன்னுரிமைப்படி வில்லேஜர்கள் தாமாகவே உணவுக்கும் மரத்துக்கும் தங்கத்துக்கும் பிரிந்து செல்லும் வசதி சேர்க்கப்பட்டது. புதியவர்களுக்கு இது பெரிய உதவி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், யாரை எந்த வேலைக்கு எப்போது அனுப்புவது என்ற முடிவில்தான் இந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது என்று நம்புவதால், நான் அதைப் பயன்படுத்துவதில்லை. ஸ்டீம் டெக்கின் வலது டிராக்பேடை (விரலால் வருடி இயக்கும் தொடுபலகை) மவுஸாகவும், பின்புறமுள்ள நான்கு பட்டன்களை டவுன் சென்டர், வேலையின்றி நிற்கும் வில்லேஜர், இரண்டு படைக்குழுக்கள் ஆகியவற்றுக்கும் ஒதுக்கியிருக்கிறேன்; கட்டடங்களின் பட்டியல் இடது டிராக்பேடில் வட்டமாக விரிகிறது. 2022 இல் சேர்க்கப்பட்ட ராஜேந்திர சோழனின் கதைத்தொடரை, கடற்படையோடு சேர்த்து, இந்த அமைப்பில் மிகுந்த மகிழ்ச்சியோடு ஆட முடிகிறது.

1995 இன் கமாண்ட் அண்ட் காங்கர் இக்கருவிக்கு இன்னும் இயல்பாகப் பொருந்துகிறது. அதில் படைகளை உருவாக்கத் தளத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை; திரையின் ஓரத்துப் பட்டியலிலிருந்தே ஆணையிடலாம் என்பதால் சுட்டியின் அலைச்சல் பாதியாகக் குறைகிறது. 640x480 திரைக்காக வரையப்பட்ட 1998 இன் ஸ்டார்கிராஃப்டிலோ, 7 அங்குலத் திரையின் இருபுறமும் கருப்புப் பட்டைகள் விழுந்தாலும், வீரர்கள் கண்ணுக்குத் தெளிவாகவே தெரிகிறார்கள். புதிய மறுபதிப்புகளில்தான் எழுத்துகள் சிறுத்துவிடுகின்றன. அமைப்புகளில் அவற்றைப் பெரிதாக்கிக்கொள்வது அவசியம்.

இணையத்தில் தரவரிசைப் போட்டி ஆடுவதாக இருந்தால், யுஎஸ்பி சி வழியாக மவுஸையும் கீபோர்டையும் இணைத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் கை வேகத்துக்கு டிராக்பேட் ஈடுகொடுக்காது.