ஒரு சொம்புத் தண்ணி

முந்தாநாள் சாயங்காலம் ஓசூர்க் காரிலிருந்து முதலில் இறங்கியது எவர்சில்வர் தூக்கு. உள்ளே அதிரச மாவு. பேத்தியைப் பின்சீட்டில் தூங்க விட்டுவிட்டு, தூக்கை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார் சின்ன மருமகள். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் தீபாவளி நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றபோதும் கீழே இறக்கவில்லையாம். சீரியஸ் கேஸை தர்மபுரிக்கு எடுத்து வருகிற மாதிரிதான்.

வினை எங்கே ஆரம்பித்தது என்றால், பெரியம்மா குடும்ப வாட்ஸப்பில் போட்ட வாய்ஸ் மெசேஜில். மொத்தம் 22 விநாடி, அதில் 8 விநாடி குக்கர் விசில். "ஒரு கிலோ மாவு பச்சரிசி, முக்கால் கிலோ வெல்லம், ஒரு சொம்புத் தண்ணி. பதம் வந்ததும் மாவக் கொட்டிக் கிளறிடு கண்ணு. அவ்ளோதான்."

எந்தச் சொம்பு?

பெரியம்மாவின் சொம்பு ஒரு பக்கம் நசுங்கிய பித்தளை. வாய் வரை ஊற்றினாலும் ஒரு டம்ளர்தான், 200 மில்லி. முக்கால் கிலோ வெல்லம் கரைய அது போதும். ஓசூரில் இருப்பது கிரகப்பிரவேசத்துக்கு வாங்கிய கலசச் சொம்பு. ஒரு லிட்டர் பிடிக்கும்.

தண்ணி கூடினதால் மட்டும் அதிரசம் கெட்டுவிடாது. கொதிக்கக் கொதிக்கச் சுண்டிப்போகும். கெட்டது காத்திருந்த நேரத்தில். அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி மேல் அரை மணி உலர்த்தி, கையில் பிடித்தால் ஈரம் ஒட்டுகிற பதத்திலேயே அரைத்துச் சலிக்க வேண்டும். அந்த மாவைக் கையால் அமுக்கி, மூடி வைக்கணும். அங்கே பாகு கொதித்த ஒரு மணி நேரமும் மாவு ஃபேனுக்கு அடியில் திறந்து கிடந்திருக்கிறது. காய்ந்த மாவு விரிசல் விடத்தான் செய்யும்.

அப்புறம் பொறுமையும் போயிற்று. கம்பிப் பதத்திலேயே இறக்கிவிட்டார். அதிரசத்துக்கு அது பத்தாது. தட்டில் தண்ணி ஊற்றி அதில் ஒரு சொட்டு பாகை விட்டால் கரையக் கூடாது. விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வரணும். அதுக்கு முன்னாடி இறக்கினால் எண்ணெயில் பிரியும், எண்ணெயும் குடிக்கும். கடாயில் போட்டது வட்டம், எடுத்தது சல்லடை. அந்தப் போட்டோவைக் குரூப்பில் பார்த்த சித்தப்பா, "பூந்தியா கண்ணு?" என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். அதுதான் இன்னும் வலித்தது.

இந்த விஷயத்தில் பெரிய மருமகள் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்ததை மறைக்க முடியாது. போன வருஷம் அவர் பாகு முற்றிப்போய், மறுநாள் மாவு அம்மிக்கல்லாகக் கிடந்தது. வெதுவெதுப்பான பால் தெளித்துத் தெளித்துப் பிசைந்துதான் உயிர் வந்தது. அதையும் பெரியம்மாதான் பார்த்தார்.

தூக்கைத் திறந்த பெரியம்மா விரலை விட்டு நக்கிப் பார்த்தார். "ஏலக்காய் தூக்கலா இருக்குது. சுக்கு எங்க?"

வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. கால் கிலோ பச்சரிசி ஊறவைத்து ஈர மாவாக அரைத்து, சுக்குப்பொடியோடு பழைய மாவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டியது. ஈர மாவுக்கு வழியில்லாதவர்கள் இரண்டு ஸ்பூன் கோதுமை மாவு போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் ருசி சப்பாத்திப் பக்கம் சாயும். மில்லில் நமக்கு முன்னால் கேழ்வரகு ஓடியிருந்தது. முதல் கைப்பிடியை ஒதுக்கச் சொல்லி அனுப்பியும் ஒதுக்கவில்லை. நாலைந்து அதிரசம் களி நிறத்தில் வந்ததற்குக் காரணம் அது.

மேலே நெய் தடவி ராத்திரி மூடி வைத்தாயிற்று. நேற்றுக் காலை ஒன்றே ஒன்று தட்டிப் போட்டுப் பார்த்தார்கள். வீடே கடாயைச் சுற்றி நின்றது. எண்ணெயில் ஒரு கிள்ளு மாவைப் போட்டால் நிதானமாக மேலே வரணும். உடனே துள்ளினால் சூடு அதிகம், மேலே கருகும், உள்ளே வேகாது. நெய் தொட்ட வாழையிலையில் கால் அங்குல கனத்துக்குத் தட்டியது, அடியில் போய்ப் படுத்து, யோசித்து, உப்பி எழுந்தது. ஒரே திருப்பு. இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவில் வைத்து ஒரு அமுக்கு. எண்ணெய் வடிந்தது, சின்ன மருமகளுக்குக் கண்ணும் கொஞ்சம்.

ஓசூரில் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா இதைக் கஜ்ஜாயம் என்பார், கசகசா சேர்ப்பார். அவருக்குப் பத்து, அபார்ட்மெண்ட் வாட்ச்மேனுக்கு நாலு, ஆபீசுக்கு இருபது என்று இன்று மத்தியானம் டப்பா கட்டியானது. பையின் அடியில், பழைய துண்டில் சுற்றிப் பெரியம்மா எதையோ திணித்தார். "இதுல ஒண்ணு ஊத்து. போதும்."

சாயங்காலத்திலிருந்து பெரிய மருமகள் பித்தளைச் சொம்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். குளியலறையில் பார்த்தாயிற்று, கிணற்றடியில் பார்த்தாயிற்று. பெரியம்மா டிவி பார்க்கிறார், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு.